பிறந்த குழந்தையை நீல லைட்டில் வைத்தால் பின்னால் ஏதாவது வருமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியட்டும். 37 வாரத்தில் பிறந்த பெண் குழந்தை. தாய்க்கு ஓ பாசிட்டிவ், குழந்தைக்கு பி பாசிட்டிவ். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை கூடி, அதற்குக் காரணமான பிலிருபின் ரத்தத்தில் 18 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) என்று வந்ததால் இரண்டு நாள் நீல லைட்டில் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் பச்சை பச்சையாகப் பேதி, முதுகில் சிவப்புப் பொரி, முகம் கருத்துவிட்டது. மாமியார், "இளவெயில்ல காட்டியிருந்தாலே போயிருக்கும், பச்சைப்பிள்ளையைக் கொண்டுபோய் லைட்ல போட்டு வாட்டிட்டாங்க" என்கிறார். இணையத்தில் தேடினால் கண் போகும், கேன்சர் வரும், வலிப்பு வரும் என்று இருக்கிறது. "பக்க விளைவுகள் என்னென்ன?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருக்கும் கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: அந்தச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டதால் என் பிள்ளைக்கு நானே கெடுதல் செய்துவிட்டேனா? அந்தக் கேள்விக்குப் பதில், இல்லை. ஏன் இல்லை என்பதோடு, எந்தெந்த இடத்தில் உங்கள் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பல வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். லைட்டைப் போடு, நிறுத்து என்று முடிவெடுப்பது டாக்டர்கள். ஆனால் அந்த லைட்டுக்குக் கீழே இருக்கும் குழந்தையோடு இருபத்து நாலு மணி நேரமும் இருப்பது நாங்கள்தான். அதனால் உடனே தெரியும் விளைவுகளைப் பற்றிக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியும். பல வருடம் கழித்து வரக்கூடியவை பற்றி ஆராய்ச்சிகள் சொல்வதைத்தான் நானும் சொல்ல முடியும். உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில், லைட் தேவைப்பட்டதா என்பது. பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாகத்தான் இருக்கும். குறை மாதத்தில் பிறந்தவர்களில் இன்னும் அதிகம். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே போய்விடும். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் வருகிறது. அது தண்ணீரில் கரையாது. எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாமல் சீயக்காய் கேட்பதுபோல, அதைக் கரையவைத்து வெளியேற்றக் கல்லீரல் ஒரு வேலை செய்ய வேண்டும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் கைவந்திருக்காது. உங்களுக்கு ஓ குரூப், குழந்தைக்கு பி. அப்படி இருக்கும்போது உங்கள் ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் குழந்தையின் சிவப்பணுக்களை வேகமாக உடைக்கலாம். எல்லாக் குழந்தைக்கும் அப்படி நடக்காது, ஆனால் நடக்கக்கூடிய சேர்க்கை அது. போதாததற்கு 37 வாரம், நிறைமாதத்தின் விளிம்பு. 18 என்ற எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு யாரும் முடிவெடுப்பதில்லை. எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, ரத்தம் உடைகிறதா என்று பார்த்துத்தான் அட்டவணையில் கை வைப்பார்கள். 40 வாரக் குழந்தைக்கு ஐந்தாம் நாள் 18 இருந்தால் "தாய்ப்பால் கொடுங்க, நாளைக்கு மறுபடி பார்ப்போம்" என்று அனுப்பியிருக்கலாம். 37 வாரம், மூன்றாம் நாள், ஓ–பி சேர்க்கை, 18 என்றால் லைட் போட வேண்டிய அளவுதான்.

போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். அளவு மிக உயர்ந்தால் பிலிருபின் மூளைக்குள் போய்ப் படியும். அந்தக் குழந்தைகள் முதலில் மந்தமாகும், பால் குடிக்காது. அப்புறம் கிறீச்சென்ற குரலில் அழும், உடம்பை வில்லாக வளைக்கும். பிழைத்தாலும் காது கேளாமை, கை கால்கள் தன்னிச்சையாக முறுக்கிக்கொள்ளும் பெருமூளை வாதம் என்று ஆயுளுக்கும் நிற்கும். லைட் வருவதற்கு முன்பு இதற்கு இருந்த வைத்தியம் ரத்தம் மாற்றுவதுதான். தொப்புள் ரத்தக்குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் ரத்தத்தை எடுத்து, வேறு ரத்தத்தை ஏற்றுவது. அதில் உயிர் ஆபத்தே உண்டு. லைட்டின் பக்க விளைவைப் பேசும்போது அதை எடை போட வேண்டியது இவற்றோடுதான். ஒன்றும் செய்யாமலே நன்றாக இருந்திருக்கக்கூடிய ஒரு குழந்தையைக் கற்பனை செய்து அதோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பாகும்.

லைட் இதில் என்ன செய்கிறது என்றால், 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி தோல் வழியாகப் போய் அங்கே இருக்கும் பிலிருபின் மூலக்கூறின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. மாறிய வடிவம் கல்லீரலின் தயவு இல்லாமலே பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடும். இந்த வைத்தியம் பிறந்த கதையே ஒரு நர்ஸில் தொடங்குவது என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ரோச்ஃபோர்ட் பொது மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் பிரிவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஜீன் வார்ட், நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போவாராம். 1956-இல் ஒரு குழந்தையின் துணியை விலக்கி, வெயில் பட்ட இடம் வெளுத்திருக்கிறது, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருக்கிறது என்று டாக்டர்களிடம் காட்டினார். பிறகு அதே மருத்துவமனையில் ஜன்னலோரம் வெயிலில் கிடந்த, ரத்தம் எடுத்து வைத்திருந்த பரிசோதனைக் குழாயில் பிலிருபின் அளவு இறங்கியிருந்ததையும் கவனித்தார்கள். 1958-இல் அந்த மருத்துவமனையின் டாக்டர் கிரெமரும் கூட்டாளிகளும் தங்கள் விளக்குக் கருவியைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பத்து வருடம் கழித்து, 1968-இல் அமெரிக்காவில் ஜெரால்ட் லூசி குழுவினர் முறையாகச் சோதித்துக் காட்டிய பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. அறுபது வருடத்துக்கு மேலாகக் கோடிக்கணக்கான குழந்தைகள் இந்த லைட்டில் கிடந்திருக்கிறார்கள். பெரிய, அடிக்கடி வரும் கெடுதல் ஏதாவது இருந்திருந்தால் இதற்குள் ஒளிந்திருக்க முடியாது.

சரி, உறுதியாகத் தெரிந்த விளைவுகளுக்கு வருகிறேன். பச்சைப் பேதி: வரும். லைட்டில் கரைந்த பிலிருபின் பித்தத்தோடு குடலில் இறங்குவதால் மலம் இளக்கமாகவும் கரும்பச்சையாகவும் போகும். எங்கள் வார்டில் அதைப் பார்த்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம், மஞ்சள் வெளியே போகிறது என்று. லைட்டை நிறுத்தி ஓரிரு நாளில் தாய்ப்பால் மலத்தின் கடுகு மஞ்சள் நிறத்துக்குத் திரும்பிவிடும். சிவப்புப் பொரி: அதுவும் வரும், மார்பிலும் முதுகிலும், தானே மறையும். எதுவும் தடவாதீர்கள். பிறந்த குழந்தைக்கு லைட் இல்லாமலே முதல் வாரத்தில் அப்படிப் பொரிவது உண்டு, எது எதனால் என்று பிரிப்பதும் கஷ்டம். சீழ் கோத்த கொப்புளமாக இருந்தால் மட்டும் அது வேறு விஷயம், காட்ட வேண்டும்.

முகம் கருத்தது பற்றி. "சிஸ்டர், லைட்ல வச்சதும் பிள்ளை கருத்துப்போச்சு" என்று அம்மாக்களைவிடப் பாட்டிகள்தான் அதிகம் சொல்வார்கள். லைட்டால் தற்காலிகமாகத் தோல் நிறம் கொஞ்சம் கூடுவது உண்டு, அது போய்விடும். அதோடு பிறந்த அன்று சிவப்பாக இருக்கும் எந்தக் குழந்தையும் சில வாரங்களில் தன் சொந்த நிறத்துக்கு வரும். அந்த மாற்றம் லைட் முடிந்து வீட்டுக்கு வரும் நாட்களோடு ஒன்றாக நடப்பதால் பழி லைட் மேல் விழுகிறது. குழந்தையின் நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் கவலையில் பாதியைப் பால் குடிக்கிறதா என்பதில் வைத்திருந்தால் எங்கள் வேலை எளிதாகியிருக்கும். போகட்டும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது முக்கியமான இன்னொன்று. லைட்டில் இருந்த குழந்தையின் கண் மூடியைக் கழற்றிப் பார்த்தால், உடம்பெல்லாம் வெளுத்திருக்கும், கண்ணைச் சுற்றிப் பட்டையாக மஞ்சள் இருக்கும். டயப்பருக்கு அடியிலும் அப்படித்தான். ஒளி பட்ட தோலில் உள்ள பிலிருபின்தான் முதலில் மாறுகிறது, ரத்தத்தில் இன்னும் இருக்கலாம். அதனால் லைட்டில் இருந்த குழந்தையை, நிறுத்தி ஒரு நாள் ஆகும்வரையாவது, தோலைப் பார்த்து "மஞ்சள் போயிடுச்சு" என்று சொல்லவே கூடாது. ரத்தம் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும்போது லைட்டை அணைத்துவிடுவோம். எடுத்த குழாயையும் வெளிச்சம் படாமல் மூடி லேபுக்கு அனுப்புவோம். இல்லாவிட்டால் ரோச்ஃபோர்ட் ஜன்னலில் நடந்ததுதான் நடக்கும், அளவு குறைவாகக் காட்டும்.

அடுத்தது நீர் வற்றுதல். இதைத்தான் நான் உண்மையான பக்க விளைவு என்பேன். டயப்பரைத் தவிர வேறு துணி இல்லாமல் திறந்த உடம்பாக லைட்டில் கிடக்கும் குழந்தைக்குத் தோல் வழியாகவும் பேதி வழியாகவும் நீர் போகும். பழைய டியூப் லைட் காலத்தில் சூடும் சேர்ந்துகொள்ளும். குழந்தைக்கு ஜுரம் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தால் கருவியின் சூடாக இருக்கும். இப்போது வரும் எல்இடி விளக்குகளில் சூடு மிகக் குறைவு. ஆனால் அதற்கு மறுபக்கம் உண்டு: ஏசி ஓடும் அறையில் எல்இடிக்குக் கீழே துணியில்லாமல் கிடக்கும் சிறு குழந்தை குளிர்ந்துபோகும். அதனால்தான் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை உடல் வெப்பம் பார்ப்பது, தினமும் எடை போடுவது, எத்தனை தடவை சிறுநீர் போனது என்று குறிப்பது எல்லாம். இவை ஒழுங்காக நடந்தால் நீர் வற்றுதல் பெரிய ஆபத்தாகாது. நடக்காத இடத்தில் ஆகும். ஆகவே லைட்டில் குழந்தை இருக்கும் யாரும் நர்ஸிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்: இன்றைக்கு எடை என்ன, பிறந்த எடையிலிருந்து எவ்வளவு குறைந்தது? பத்து விழுக்காட்டை நெருங்குகிறது என்றால் பால் போதவில்லை என்று அர்த்தம்.

இதைவிடப் பெரியதாக நான் நினைப்பது தாயும் பிள்ளையும் பிரிவது. சிசேரியன் ஆன அம்மா ஒரு மாடியில், குழந்தை இன்னொரு மாடியில். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் பால் ஊறி வரும் நேரம். சரியாக அந்த நேரத்தில் குழந்தை வாய் வைக்காமல் போனால் மார் கட்டிக்கொள்ளும், அப்புறம் பால் வற்றும். பால் குறைந்தால் குழந்தை மலம் போவது குறையும். மலம் குறைந்தால் குடலில் இறங்கிய பிலிருபின் மறுபடி ரத்தத்துக்கே ஏறும். லைட் ஒரு பக்கம் இறக்க, பட்டினி இன்னொரு பக்கம் ஏற்றும். உயிருக்கு ஆபத்தான அளவில் இல்லாத குழந்தையை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் வெளியே எடுத்து, கண் மூடியைக் கழற்றி, அம்மா மடியில் போட்டுப் பால் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அந்த அரை மணியில் லைட்டின் பலன் கெட்டுவிடாது. ரத்தம் மாற்ற வேண்டிய அளவை நெருங்கிய குழந்தைக்கு மட்டும்தான் லைட்டை இடைவிடாமல் வைப்பார்கள். அப்போதும் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுக்கலாம். "லைட்ல இருக்கு, எடுக்கக் கூடாது" என்று எல்லாக் குழந்தைக்கும் ஒரே சட்டமாகச் சொல்கிற இடங்கள் இன்னும் உண்டு. எங்கள் துறையின் குறை அது. உங்களுக்குப் பால் குறைந்துபோயிருந்தால், இப்போதிருந்தே அடிக்கடி வாய் வைக்க விடுங்கள், பெரும்பாலும் மீண்டு வரும்.

கண். நீல ஒளி விழித்திரைக்கு ஆகாது என்பது பிறந்த குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த சோதனைகளில் 1970-களிலேயே தெரிந்தது. அதனால்தான் கண் மூடி. சரியாக மூடியிருந்த குழந்தைகளுக்குப் பார்வை கெடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நடைமுறையில் நாங்கள் பயப்படுவது வேறு. அந்தச் சின்ன வெல்க்ரோ பட்டை குழந்தை தலையை உருட்டும்போது நழுவும். மேலே நழுவினால் கண் திறந்துவிடும், கீழே நழுவினால் மூக்கை அடைத்துவிடும். இரண்டாவதுதான் ஆபத்து. இறுக்கிக் கட்டினால் இமை வீங்கும், பீளை தள்ளும். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் கழற்றிக் கண்ணைத் துடைத்துப் பார்ப்பது அதற்குத்தான். ஓரிரு முறை நழுவிச் சில நிமிடம் வெளிச்சம் பட்டது என்று சில அம்மாக்கள் பதறுவார்கள். குழந்தை இமையை மூடித்தான் தூங்கும். சில நிமிடத்தில் ஒன்றும் ஆகாது, கவனிக்காமல் மணிக்கணக்கில் விடக் கூடாது என்பதுதான் விஷயம்.

வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. அந்த நீல வெளிச்சத்தில் குழந்தையின் உதடு நீலம் பாரித்தாலும் தெரியாது. எல்லாமே நீலம்தான். அதனால் கொஞ்சம் சுகமில்லாத குழந்தை என்றால் அடிக்கடி லைட்டை அணைத்துச் சாதாரண வெளிச்சத்தில் நிறம் பார்ப்போம், விரலில் ஆக்சிஜன் மானி மாட்டிவிடுவோம். அந்த வெளிச்சத்தில் ஒரு நைட் டியூட்டி முழுக்க நின்றால் எங்களுக்கே தலைவலியும் குமட்டலும் வரும். பாட்டிகள் யாருக்கும் தெரியாமல் தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டுவந்து கொடுப்பதும் நடக்கும். லைட்டுக்குக் கீழே எண்ணெய், கிரீம் எதுவும் தோலில் இருக்கக் கூடாது, புண்ணாகலாம்.

அபூர்வமானவை இரண்டைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒன்று, கல்லீரலில் பித்தம் தேங்கும் நோய் உள்ள குழந்தையை லைட்டில் வைத்தால் தோல் சாம்பல் கலந்த பழுப்பாக, வெண்கலம் போல் ஆகிவிடும். சிறுநீரும் கருக்கும். லைட்டை நிறுத்திச் சில வாரங்களில் மறையும். நிறத்தைவிட அது காட்டிக்கொடுக்கும் கல்லீரல் நோயைக் கவனிப்பதுதான் அங்கே அவசரம். உங்கள் குழந்தையின் முகம் கருத்தது இதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, டிஸ்சார்ஜ் சீட்டில் டைரக்ட் பிலிருபின் (கல்லீரல் கரையவைத்த பிறகும் வெளியேறாமல் ரத்தத்தில் நிற்கும் பங்கு) குறைவாக இருந்தால் இதை மறந்துவிடலாம். இன்னொன்று, போர்ஃபிரியா என்ற பிறவிக் குறைபாட்டின் ஒரு வகை. அந்தக் குழந்தைக்கு ஒளி பட்டாலே தோல் கொப்பளிக்கும், லைட் கூடவே கூடாது. என் பணிக்காலம் முழுக்க ஒன்றுகூடப் பார்த்ததில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைவதும் உண்டு, பெரும்பாலும் குறைமாதக் குழந்தைகளுக்கு. அநேகமாகத் தானே சரியாகும்.

இனி சந்தேகமான பகுதி. கேன்சர் பயம் எங்கிருந்து வந்தது என்றால், 2016-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஒன்று மாநிலத்தில் பிறந்த ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தது. லைட்டில் இருந்த குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள் சில கேன்சர்கள் லேசாக அதிகமாக இருந்தன. கூடுதலாக ஒரு கேன்சர் என்பது ஏறக்குறைய பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்ற கணக்கில். அந்தக் கூடுதலும் லைட்டால்தானா, அல்லது லைட் தேவைப்படும் அளவுக்கு மஞ்சள் வரக் காரணமாக இருந்த வேறு எதனாலாவதா என்று அந்தப் பதிவேடுகளை வைத்துப் பிரிக்க முடியாது. இன்னொன்று ஒரே மருத்துவமனைக் குழுமத்தில் பிறந்த சுமார் ஐந்து லட்சம் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தது. மேலோட்டமாகப் பார்த்தபோது சிறு தொடர்பு தெரிந்தது, மற்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்ததும் அது உறுதியாக நிற்கவில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் எச்சரிக்கை சற்று அதிகம், அவர்களுக்கு இயல்பிலேயே ரத்தப் புற்றுநோய் வாய்ப்புக் கூடுதல்.

வலிப்பும் இதே மாதிரிதான். டென்மார்க்கிலும் கலிபோர்னியாவிலும் செய்த ஆய்வுகளில் லைட்டில் இருந்த ஆண் குழந்தைகளுக்குப் பின்னாளில் வலிப்பு லேசாக அதிகமாகத் தெரிந்தது. லைட்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆஸ்துமா, தோலில் மச்சங்கள் கூடுவது பற்றியும் ஆய்வுகள் உண்டு, ஒன்று ஆம் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது.

இதையெல்லாம் நான் எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்றால்: லைட் என்பது தண்ணீர் தெளிப்பது போலச் சும்மா செய்கிற காரியம் இல்லை, அது ஒரு மருந்து. தேவையான அளவைத் தொடாத குழந்தைக்கு "எதற்கும் ஒரு நாள் வைத்துப் பார்ப்போம்" என்று போடக் கூடாது, தேவை முடிந்த பிறகும் தொடரக் கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2022-இல் தன் வழிகாட்டுதலைத் திருத்தியபோது லைட் போடும் அளவுகளைக் கொஞ்சம் உயர்த்தியது. குறைந்த அளவிலேயே அவசரப்பட்டுப் போட வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். அதே வழிகாட்டுதல், தொடங்கிய எல்லையிலிருந்து 2 மில்லிகிராமாவது கீழே இறங்கிவிட்டால் நிறுத்தலாம் என்கிறது. நம் ஊரில் சில தனியார் இடங்களில் 11, 12 இருந்தாலே நிறைமாதக் குழந்தையை நாலைந்து நாள் வைத்து, ஒவ்வொரு நாளுக்கும் வாடகை என்று பில் போடுவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்தச் சந்தேக ஆய்வுகள் பொருந்துவது அந்த மாதிரிக் குழந்தைகளுக்கு. எல்லையைத் தாண்டிய உங்கள் குழந்தைக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற நிச்சயமில்லாத அபாயமா, காதும் மூளையும் போகக்கூடும் என்று உறுதியாகத் தெரிந்த அபாயமா என்று கேட்டால் எந்த டாக்டரும் ஒரே பதில்தான் சொல்வார்.

மிகச் சிறிய குழந்தைகளின் கதை தனி. ஒரு கிலோவும் அதற்குக் கீழும் எடையுள்ள குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனை 2008-இல் வெளியானது. முன்கூட்டியே தீவிரமாக லைட் போட்ட குழுவில் பிழைத்தவர்களுக்கு மூளை வளர்ச்சிப் பாதிப்பு குறைந்தது, ஆனால் 501 முதல் 750 கிராம் வரை உள்ளவர்களில் இறப்பு 39 விழுக்காடு, மற்ற குழுவில் 34. அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். இருந்தாலும் அதற்குப் பிறகு அவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு ஒளியின் அளவைக் குறைத்துத் தொடங்குவது நல்லது என்ற எண்ணம் வந்திருக்கிறது. இதை எழுதக் காரணம், இணையத்தில் "லைட்டால் இறப்பு அதிகம்" என்று ஓடும் வரி பெரும்பாலும் இங்கிருந்து வெட்டி ஒட்டியது. 37 வாரக் குழந்தைக்கு அது பொருந்தாது.

ஆண் பிள்ளை என்றால் "விதை கெட்டுடுமா" என்று தாத்தாக்கள் கேட்பார்கள், உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனாலும் படிப்பவர்களுக்காக: டயப்பர் மறைக்கிறது, மனிதர்களில் அப்படி நடந்ததாக நிறுவப்படவும் இல்லை. லைட்டில் எக்ஸ்ரே மாதிரிக் கதிர்வீச்சு எதுவும் கிடையாது, இன்றைய விளக்குகளில் புற ஊதாக் கதிரும் பொருட்படுத்தும் அளவில் இல்லை.

மாமியார் சொல்கிற வெயில் வைத்தியம் பொய் என்று சொல்ல மாட்டேன். சிஸ்டர் வார்ட் கண்டதும் வெயிலில்தான். நைஜீரியாவின் லாகோஸில், புற ஊதாவையும் சூட்டையும் வடிகட்டும் படலம் போட்ட கூடாரத்துக்குக் கீழே குழந்தைகளை வைத்து, மணிக்கு மணி வெப்பம் பார்த்து நடத்திய சோதனை 2015-இல் வெளியானது. சாதாரண லைட்டுக்கு நிகராகவே அது வேலை செய்தது. ஆனால் நம் வீட்டு வாசலில் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் துணி சுற்றிய குழந்தையைக் காட்டுவது அது அல்ல. 18-ஐ இறக்க வேண்டுமென்றால் உடம்பைத் திறந்துபோட்டு மணிக்கணக்கில் வைக்க வேண்டும். நம் வெயிலில் அதற்குள் தோல் வெந்துவிடும், நீர் வற்றிவிடும். வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தப் பரிசோதனையும் கூட இருக்காது. நல்ல லைட்டில் முதல் ஒரு நாளிலேயே மூன்றில் ஒரு பங்கு வரை இறக்க முடியும், இளவெயில் அந்த வேகத்துக்கு வராது. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், அவர் பார்த்த குழந்தைகளில் பெரும்பாலானவை தானாகவே சரியாகியிருக்கும், வெயிலுக்குப் பெயர் கிடைத்திருக்கும். ஆனால் தெருவில் கூவி விற்கும் கழுதைப்பால், சர்க்கரைத் தண்ணீர், குளுக்கோஸ் தண்ணீர், கீழாநெல்லிச் சாறு, இவற்றில் எதையும் வாயில் ஊற்ற விடாதீர்கள். தண்ணீரால் வயிறு நிறைந்தால் தாய்ப்பால் குறையும், பிலிருபின் இறங்காது. கழுதைப்பாலால் தொற்று வந்து எங்கள் வார்டுக்கு வந்த பிள்ளைகள் உண்டு.

இப்போது நீங்கள் பார்க்க வேண்டியவை. லைட்டை நிறுத்தியதும் பிலிருபின் கொஞ்சம் திரும்ப ஏறும். ஓ–பி சேர்க்கையில் ஏறும் வாய்ப்பு அதிகம் என்பதால் நிறுத்திய மறுநாள் ரத்தம் பார்த்தார்களா என்று சீட்டைப் பாருங்கள். பார்க்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறதா, எழுப்பினால் எழுந்து பால் குடிக்கிறதா என்று பாருங்கள். துவண்டு போனால், பால் மறுத்தால், கிறீச்சென்று அழுதால், உடம்பை விறைத்தால் இரவானாலும் உடனே கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால், அல்லது மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனால், "தாய்ப்பால் மஞ்சள்தான்" என்று யார் சொன்னாலும் டைரக்ட் பிலிருபின் பார்க்கச் சொல்லுங்கள். பித்தநாளம் அடைபட்ட குழந்தைகளுக்கு இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் நல்ல பலன். சிவப்பணுக்கள் உடைந்த குழந்தைகளுக்குச் சில வாரம் கழித்து ரத்தசோகை தெரியலாம், அதனால் தடுப்பூசிக்குப் போகும்போது ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிலிருபின் மிக உயர்ந்த குழந்தைகளுக்குப் பெரா டெஸ்ட் என்கிற காது பரிசோதனை எழுதுவார்கள். உங்களுக்கு எழுதியிருந்தால் குழந்தை சத்தத்துக்குத் திரும்புகிறதே என்று விட்டுவிடாமல் எடுத்துவிடுங்கள்.

பழைய பீரோவிலிருந்து எடுத்த துணியில் பூச்சி உருண்டை வாசனை அடித்தால் அதைக் குழந்தைக்குப் போடவோ சுற்றவோ வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த நாப்தலின் வாசனையே சிவப்பணுக்களை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும். உங்கள் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்பது பரிசோதித்தால்தான் தெரியும், அதுவரை உருண்டை வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பிலிருபின் எண்கள், எந்த மணிக்கு எடுத்தது, குரூப் விவரம் எல்லாம் அதில் இருக்கும். ஓ குரூப் அம்மாவுக்கு அடுத்த குழந்தையும் ஏ அல்லது பி ஆக இருந்தால் மறுபடி மஞ்சள் வர வாய்ப்பு உண்டு. அடுத்த பிரசவத்துக்குச் சேரும்போதே அந்தச் சீட்டைக் காட்டி, "முதல் குழந்தைக்கு லைட் வைத்தது" என்று சொல்லிவிட்டால், மஞ்சள் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்காமல் முதல் நாளிலிருந்தே ரத்தம் பார்ப்பார்கள்.